ராசியான காந்தம்

"கெமிஸ்ட்ரியில பிஎச்.டியா? அதுல பாதி நேரம் கண்ணாடிப் பாத்திரம் கழுவுறதுதாம்மா. அதுக்கு எதுக்கு அஞ்சு வருஷம்? ஒங்கம்மா ஒரு மணி நேரத்துல சொல்லிக் குடுத்துடுவாளே."

டெல்லி கிட்வாய் நகரில் என் அம்மா வீட்டுவேலை பார்த்த வீட்டு சார் இப்படிச் சொன்னார். ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்த செய்தியோடு நான் லட்டு டப்பா எடுத்துப் போயிருந்தேன். அவர் கெட்டவர் அல்ல. பத்தாம் வகுப்பில் எனக்குக் கணக்கு கைடு வாங்கித் தந்தவர். அம்மா சமையலறையில் குழாயைத் திறந்து வைத்திருந்தாள்; காதில் விழுந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு வந்த பிறகுதான், "அந்தாளுக்குத் தன் டம்ளரக் கழுவத் தெரியாது. கழுவுறதப் பத்திப் பேச வந்துட்டாரு" என்றாள்.

அவர் சொன்னது தகவல் என்ற அளவில் சரி. வேதியியலில் பாதி நேரம் கழுவுவதுதான். எட்டு ஆண்டுகள் கழுவியிருக்கிறேன். இந்த மாதத்தோடு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திலிருந்து விடைபெறுகிறேன். முப்பது வயதைத் தாண்டியதும் 'பணி ஓய்வுக் கட்டுரை' எழுதுவது கொஞ்சம் அதிகம்தான். எழுதச் சொன்னது கயல்விழி. திருச்சியிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்திருக்கும் மாணவி. எங்கள் கூடத்தில் ஒரு விதி உண்டு. புதிதாகச் சேர்பவர் ஒவ்வொருவருக்கும் கலக்கும் காந்தங்கள் அடங்கிய பிரிக்காத பொட்டலம் ஒன்று தரப்படும். ஒருவருடையதை இன்னொருவர் தொடக்கூடாது. "எதுக்குக்கா இந்த ரூல்? பல் தேய்க்கிற பிரஷ்ஷா இது?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியது குறைவு. பெற்றோர் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து டெல்லிக்குக் கட்டட வேலைக்கு வந்தவர்கள். இருவருக்கும் எழுத்து தெரியாது. நான் இங்கே மோதி பாக் தமிழ்ப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். கல்லூரியில் முதல் ஆண்டு முழுவதும் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டினேன், இரண்டாம் ஆண்டிலிருந்து வகுப்பில் முதல். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கப்போவதில்லை.

எங்கள் பேராசிரியர் வசந்தா மேடம். டெல்லி கரோல் பாக்கில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தமிழ் வீட்டில் கேட்டுக் கற்ற தமிழ், படிக்கத் தெரியாது. மற்ற மாணவர்களிடம் ஆங்கிலம், என்னிடம் மட்டும் தமிழும் இந்தியும் கலந்து பேசுவார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. 'நன்றாகச் செய்தாய்' என்று சொல்லியும் கேட்டதில்லை. மிகவும் பிடித்துவிட்டால் மேசை இழுப்பறையிலிருந்து நம்கீன், அதாவது காரத் தீனி, டப்பாவை எடுத்து நம் பக்கம் தள்ளுவார், அவ்வளவுதான். யார் எந்த நல்ல முடிவோடு உள்ளே போனாலும் அவர் சொல்லும் வாக்கியம் ஒன்றே:

"அச்சா. இப்போ அதையே எதுவும் போடாம பண்ணு."

அதாவது, வினையூக்கியைச் சேர்க்காமல் மற்ற எல்லாவற்றையும் அப்படியே செய்து காட்டு. அப்போது ஒன்றும் நடக்காவிட்டால்தான் உன் வினையூக்கி வேலை செய்ததாக அர்த்தம்.

எங்கள் வேலை உலோகக் கார்பீன்கள். கார்பனுக்கு நான்கு கைகள் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். இரண்டு கைகள் மட்டும் பிடித்திருக்க, மீதி இரண்டு எதையும் பிடிக்காமல் நிற்கும் கார்பனைக் கார்பீன் என்போம். தனியாக விட்டால் அது கண்டதையும் பிடித்துக்கொள்ளும். ஓர் உலோக அணுவைக் கொடுத்தால் விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டு அடங்கிவிடும். அந்த இணை பல வினைகளை வேகப்படுத்தும். இரண்டு பென்சீன் வளையங்களை ஒட்டவைக்கும் வினை மருந்துத் தொழிலுக்கு உயிர்நாடி. அதற்கு வழக்கமாகப் பயன்படுவது பல்லேடியம், தங்கத்தோடு போட்டி போடும் விலை. அதையே இரும்பு-கார்பீனைக் கொண்டு செய்வது மேடத்தின் நெடுநாள் ஆசை. அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்.

கண்ணாடிக் குடுவைக்குள் திரவத்தைக் கலக்க, வெள்ளை டெஃப்லான் உறை போட்ட சிறிய காந்தத் துண்டைப் போடுவோம். குடுவைக்குக் கீழே உள்ள இயந்திரம் அதைச் சுழற்றும். பேச்சில் அதைப் 'பீட்' என்போம். எங்கள் கூடத்தில் முட்டை வடிவக் காந்தம் ஒன்று இருந்தது. வெள்ளையாக இருந்து சாம்பல் நிறமாகிவிட்டது. எனக்கு முன் அங்கே படித்த விவேக் பையா (பையா என்றால் அண்ணன்) ஊரைவிட்டுப் போகும்போது அதை ஒரு காகிதத்தில் சுற்றி என்னிடம் கொடுத்தார்.

"லக்கி பீட். இதைப் போட்டா எல்லாம் நடக்கும். யார்கிட்டயும் குடுத்துடாதே."

சிரிக்காதீர்கள். வேதியியல் கூடங்களில் இது சகஜம். ராசியான ஹூட் (புகையை உறிஞ்சும் கண்ணாடிக் கூண்டு), ராசியான குடுவை, பரிசோதனை நாளன்று மட்டும் போடும் சட்டை. நானும் அந்தக் காந்தத்தை என் மேசை டிராயரில் பூட்டி வைத்தேன். இரும்பு-கார்பீன் செய்தேன். அந்தக் காந்தத்தைப் போட்டுக் கலக்கினேன். வளையங்கள் ஒட்டின, நூற்றுக்கு எண்பதுக்கு மேல். மேடம் வழக்கமான வாக்கியத்தைச் சொன்னார். இரும்பு போடாமல் செய்து காட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. நம்கீன் டப்பா என் பக்கம் வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. எதுவும் போடாத சோதனைக்கு நான் எடுத்தது பொட்டலத்திலிருந்து ஒரு புதிய சிறு காந்தம். நடக்காது என்று தெரிந்த வினைக்கு நல்ல காந்தத்தை யார் வீணாக்குவார்கள்? விவேக் பையாவும் அப்படித்தான் செய்தார், அவருக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான்.

கட்டுரை எழுதினோம். ஓர் ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது; அச்சுக்குப் போகும் படியில் இருந்தது. எங்கள் துறை வழக்கப்படி ஒரு கட்டுரையாவது வெளிவந்தால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும். என் உதவித்தொகை முடிய ஓர் ஆண்டுக்கும் குறைவாகவே இருந்தது. என் பட்டம் முழுக்க அந்த ஒரு கட்டுரையின் மேல் நின்றது.

அப்போதுதான் பஞ்சாபில் எங்களோடு சேர்ந்து வேலை செய்த கூடத்திலிருந்து தகவல் வந்தது. நான் அனுப்பிய இரும்பு-கார்பீன் அங்கே வேலை செய்யவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. அவர்கள் கரைப்பான் சரியில்லை, நைட்ரஜன் சரியில்லை, கை சரியில்லை. புதிதாகச் செய்து அனுப்பினேன், அதுவும் நடக்கவில்லை. கடைசியில் அங்கிருந்து ஹர்லீன் என்ற மாணவி டெல்லிக்கே வந்தாள். சுத்தத்தில் பிடிவாதக்காரி. தன் குடுவை, தன் ஸ்பேட்டுலா, ஒரு சின்ன டப்பாவில் தன் காந்தங்கள் என்று எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

ஒரே ஹூட்டில் பக்கத்துப் பக்கத்தில் நின்று செய்தோம். ஒரே பாட்டில் கரைப்பான், ஒரே இரும்பு-கார்பீன். என் குடுவையில் வினை நடந்தது, அவளுடையதில் இல்லை. குடுவையை மாற்றிக்கொண்டோம். அப்போதும் எனக்கு நடந்தது, அவளுக்கு நடக்கவில்லை. எனக்கு உள்ளூர ஒரு திருப்தி. அவள் என் குடுவைக்குள் குனிந்து பார்த்தாள். பேச்சு இந்தியில் நடந்தது, 'தீதி' (அக்கா) என்பதைத் தவிர மற்றதைத் தமிழில் எழுதுகிறேன்.

"தீதி, உள்ளே என்ன சுத்துது? அம்மிக் கல்லா?"

"பீட்தான். டெஃப்லான். எதோடயும் வினை புரியாது. பத்தாம் கிளாஸ் பாடம்."

"பத்தாம் கிளாஸ் புத்தகத்துல டெஃப்லான் புதுசா இருக்கும் தீதி. உங்களுதுக்கு என்ன வயசு?"

எனக்குத் தெரியவில்லை. விவேக் பையாவுக்கு அதைக் கொடுத்தவர், அவருக்கும் முன்னால் இருந்த ஒருவர். அந்தக் காலத்தில் கூடத்தில் என்ன வேலை நடந்தது என்று யோசித்தேன். பல்லேடியம். அன்று எல்லாரும் பல்லேடியத்தில்தான் வேலை செய்தார்கள்.

மறுநாள் காலை ஹர்லீன் வருவதற்கு முன் நான் தனியாகத் தொடங்கினேன். காந்தத்தை ராஜ திராவகத்தில் ஊறவைத்தேன். தங்கத்தையே கரைக்கும் அமிலக் கலவை அது. நீரில் அலசி, அசிட்டோனில் அலசி, அடுப்பில் உலர்த்தினேன். அதைவிடச் சுத்தமாக ஒன்றைக் கழுவ முடியாது. குடுவையில் போட்டு, காற்றை உறிஞ்சி நைட்ரஜனை நிரப்புவதை மூன்று முறை செய்தேன். கரைப்பான், காரம், ஒட்டவேண்டிய இரண்டு பொருட்கள். இரும்பு சேர்க்கவில்லை. சூடேற்றினேன்.

மதியம் ஒரு துளி எடுத்துச் சோதனைத் தகட்டில் வைத்தேன். இது கட்டைவிரல் அகலத் தகடு. அடியில் பொட்டு வைத்து, ஒரு கரைப்பானில் நிறுத்தினால், கரைப்பான் மேலே ஏற ஏற ஒவ்வொரு பொருளும் ஒவ்வோர் உயரத்தில் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது. புற ஊதா விளக்கின் கீழே தகடு பச்சையாக ஒளிரும். பொருள் உள்ள இடம் மட்டும் கறுப்புப் பொட்டாகத் தெரியும். தொடங்கிய பொருளுக்கு ஒரு பொட்டு. அதற்குக் கொஞ்சம் கீழே, நான் மூன்று ஆண்டுகளாகப் பார்த்துப் பழகிய இடத்தில், ஒட்டிய வளையத்தின் பொட்டு. கறுப்பாக, வட்டமாக, அழகாக இருந்தது.

வேலை செய்தது என் இரும்பு அல்ல. டெஃப்லானின் கீறல்களில் தங்கிவிட்ட பழைய பல்லேடியம். கண்ணுக்குத் தெரியாத அளவு போதும் அதற்கு. அமிலம் கூட அங்கே நுழையவில்லை.

  பிறகு தகட்டை எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனேன்.

அவர் கேட்ட முதல் கேள்வி, "யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. ஹர்லீனுக்கு இன்னும் சொல்லல, ஆனா அவளுக்குத் தெரிஞ்சுடும்."

"அச்சா."

மூடி மறைக்கச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். பதிலையும் தயாராக வைத்திருந்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, "எக்ஸ்ட்ரா கோட் இருக்கா?" என்றார்.

மேடம் கூடத்தில் கோட் போட்டு நின்றதை அன்றுதான் எல்லாரும் பார்த்தோம். மூன்று குடுவைகள். ஒன்றில் புதிய காந்தமும் இரும்பும். இன்னொன்றில் பழைய காந்தம் மட்டும். மூன்றாவதில் புதிய காந்தம் மட்டும். என்னை எதையும் தொட விடவில்லை. அவருக்கு எங்கள் பம்ப் எப்படித் திறக்கும் என்பது மறந்திருந்தது. ஒரு மாணவனிடம் கேட்டுத் திறந்தார். ஊசியில் கரைப்பானை எடுக்கும்போது காற்றுக் குமிழை அவர் தட்டி வெளியேற்றிய விதம் எங்கள் யாருக்கும் வராத ஒன்று. மூன்றையும் சூட்டில் வைத்துவிட்டு நாற்காலி போட்டு அங்கேயே உட்கார்ந்தார். போன் வந்தது, எடுக்கவில்லை.

மாலையில் தகட்டைப் பார்த்தோம். பழைய காந்தம் போட்ட குடுவையில் மட்டும் பொட்டு.

"இத்தனை வருஷமா எல்லாரையும் எதுவும் போடாம பண்ணு, பண்ணுன்னு சொல்றேன்," என்றார். "எந்த பீட் போட்டேன்னு ஒருத்தரையும் கேக்கல."

பிறகு கோட்டைக் கழற்றி மடித்தார். "ஜர்னலுக்கு நீயே எழுது. முதல் பேரு உன்னுது. நான் கையெழுத்துப் போடறேன். ஜல்தி, பிரிண்ட் ஆகறதுக்கு முன்னாடி."

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று காரணத்தோடு அன்றே எழுதி அனுப்பினோம். கட்டுரை திரும்பி வந்துவிட்டது. மறுவாரம் துறைத் தலைவர் என்னை வராந்தாவில் நிறுத்தினார். அவரும் நல்லவர்தான். அக்கறையோடு, "ஒரு வருஷம் பொறுத்துச் சொல்லியிருக்கலாமே பேட்டா. டிகிரி வாங்கின பிறகு" என்றார்.

"அப்ப டிகிரியைப் பீடுக்குத்தான் குடுத்திருப்பீங்க சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் பதில் கொஞ்சம் திமிர்தான். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

வீட்டில் சொல்வது கடினமாக இருக்கும் என்று நினைத்தேன். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் செஞ்ச மருந்து வேலை செய்யலம்மா."

"இத்தன நாளு செஞ்சுதுன்னியே?"

"வேற ஒண்ணு வேலை செஞ்சுக்கிட்டு இருந்துச்சு. இது பேர வாங்கிக்கிட்டு இருந்துச்சு."

"எல்லா ஆபீஸ்லயும் அதாண்டி நடக்குது" என்று சொல்லிவிட்டு நறுக்கினாள். கொஞ்சம் கழித்து, "அப்ப டாக்டர் பட்டம்?" என்று கேட்டாள். "தெரியல" என்றேன். அவள் அடுத்த வெங்காயத்தை எடுக்கவில்லை.

கையில் மிஞ்சியவை உப்புகள். கார்பீன் நேரடியாகப் பிறப்பதில்லை. முதலில் ஓர் உப்பு செய்ய வேண்டும். அதில் இரண்டு நைட்ரஜன்களுக்கு நடுவே உள்ள கார்பனில் ஒரு ஹைட்ரஜன் இருக்கும். அதைப் பறித்தால் கார்பீன். நான் செய்த உப்புகளில் பெரும்பாலானவை வெள்ளைப் பொடிகள். சில மட்டும் என்ன செய்தாலும் உறையாமல் தேன் மாதிரி பாட்டிலில் நின்றன. படிகம் கிடைக்காததால் எரிச்சலோடு அலமாரியின் அடித்தட்டில் தள்ளியிருந்தேன். உருகிய நிலையிலேயே இருக்கும் இப்படிப்பட்ட உப்புகளுக்கு அயனித் திரவம் என்று பெயர். மின்சாரம் கடத்தும், ஆவியாகாது, எளிதில் தீப்பிடிக்காது. பாட்டரிக்குள் நிரப்பும் மின்பகுளியாக உலகம் முழுவதும் இவற்றைச் சோதிக்கிறார்கள். டெல்லியின் மே மாத வெயிலில் சாதாரண மின்பகுளி என்ன பாடு படுகிறது என்பது இங்கே வண்டி ஓட்டுபவர்களுக்குத் தெரியும்.

மேடத்திடம் போய், என் தேன் பாட்டில்களைப் பாட்டரியில் போட்டுப் பார்க்கிறேன் என்றேன். "பாட்டரி உனக்குத் தெரியாதே" என்றார். கற்றுக்கொள்கிறேன் என்றேன். மாடியில் பாட்டரிக் குழுவிடம் பேசி, ஈரமும் காற்றும் புகாத கையுறைப் பெட்டியில் வாரத்தில் சில நாட்கள் எனக்கு இடம் வாங்கித் தந்தார்.

மின்கலங்கள் முதலில் நன்றாக ஓடின, பிறகு செத்தன. சில முறை சார்ஜ் ஏற்றி இறக்கினாலே போதும். மழைக்காலம், ஈரம் புகுந்திருக்கும் என்றார்கள் மாடிக்காரர்கள். உலர்த்தினேன். மறுபடியும் உலர்த்தினேன். செத்துக்கொண்டே இருந்தன. அப்போது எனக்குத் தோன்றியது, பாட்டரிக்காரர்களுக்குத் தோன்ற நியாயமில்லாத ஒன்று. உப்பின் அந்த நடு ஹைட்ரஜனை, மின்கலத்தின் ஒரு முனையாக இருக்கும் லித்தியம் பறித்தால்?

ஒரு துண்டு லித்தியத்தைத் திரவத்தில் போட்டு வைத்தேன். திரவம் பழுப்பாயிற்று. வடித்து, அதில் ஒரு சிட்டிகை கந்தகம் சேர்த்தேன். கார்பீன் இருந்தால் கந்தகம் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு திடப்பொருளாக இறங்கும். என் பழைய வேலையில் தினமும் செய்தது. இறங்கியது. லித்தியம் போடாமல் அதையே செய்தேன், ஒன்றும் இறங்கவில்லை. இரண்டுக்கும் போட்டவை ஒரே பொட்டலத்துப் புதிய காந்தங்கள். எந்தக் கார்பீனை வரவழைக்க ஆண்டுக்கணக்கில் பாடுபட்டேனோ, அது இங்கே கூப்பிடாமல் வந்து என் மின்கலத்தைத் தின்றுகொண்டிருந்தது.

பிறகு செய்ய வேண்டியது தெளிவு. ஹைட்ரஜன் இருந்த இடத்தில் ஒரு மெத்தில் தொகுதியை உட்காரவைத்துப் புதிய உப்புகள் செய்தேன். இந்த உபாயம் என் கண்டுபிடிப்பு அல்ல; நூல்களில் உண்டு. முழுத் தீர்வும் அல்ல. எங்கள் உப்புகளில் எதற்கு அது பொருந்துகிறது, எதற்குப் பொருந்தவில்லை என்று காட்டியது என் பங்கு. மின்கலங்கள் வெகு நாள் தாக்குப்பிடித்தன. கட்டுரை வந்தது. உதவித்தொகை முடிவதற்குச் சில வாரங்கள் இருக்கும்போது ஆய்வேட்டைச் சமர்ப்பித்தேன். காந்தத்தின் கதை அதில் இரண்டாம் அத்தியாயம். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மின்பகுளியைப் பற்றிச் சில கேள்விகளோடு நிறுத்திவிட்டு, மீதி நேரமெல்லாம் இரண்டாம் அத்தியாயத்தையே கேட்டார். முடிந்ததும் தன் கூடத்துக்குப் போன் செய்து, "எல்லாப் பீடையும் தூக்கிப் போடு" என்று யாரிடமோ சொன்னது வராந்தா வரை கேட்டது.

அம்மாவிடம் போனில் "முடிஞ்சிடுச்சு" என்றேன். "மருந்தா, பட்டமா?" என்றாள். பட்டம் என்றேன். பக்கத்தில் இருந்த யாரிடமோ இந்தியில், "மேரி பேட்டி டாக்டர் பன் கயி, சுயி வாலி நஹீ" என்று சொல்வது கேட்டது. என் மகள் டாக்டராகிவிட்டாள், ஊசி போடும் டாக்டர் இல்லையாம். அந்த வேறுபாடு அவளுக்கு அத்துப்படி.

அதன் பின் அதே கூடத்தில் சம்பளத்துக்கு ஆய்வாளராக இருந்து, அந்தத் திரவத்தைப் பெரிய அளவில் செய்யும் முறையைத் தேடினேன். டெல்லி ஓக்லா தொழிற்பேட்டையில் சூரிய விளக்குகளுக்கு மின்கலம் செய்யும் சிறிய தொழிற்சாலை ஒன்று ஆர்வம் காட்டியது. அதன் முதலாளி குப்தாஜி பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, விலையைக் கேட்டுவிட்டு, "மேடம், இது மின்பகுளியா, அத்தரா?" என்றார். மலிவாக்குவதுதான் இனி வேலை என்றேன். "அப்போ நீங்களே வந்து மலிவாக்குங்க" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

நான் ஒரு நிபந்தனை வைத்தேன். முதல் தொகுதியை அவர்கள் ஆட்களே, அவர்கள் பாத்திரத்தில், அவர்கள் வாங்கிய பொருட்களில் செய்ய வேண்டும். நான் செய்முறையை மட்டும் தருவேன், அறைக்குள் கால் வைக்க மாட்டேன். அப்படியே நடந்தது. சுனிதா என்ற பெண் செய்தாள். நான் கீழே கேண்டீனில் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலே ஓடிப்போகாமல் இருப்பது எளிதாக இல்லை. நிறமில்லாமல் வந்திருப்பதாக அவள் இறங்கி வந்து சொன்னாள். கொஞ்சம் சூடு கூடியிருந்தாலும் மஞ்சளாகியிருக்கும். அதை நிரப்பிய மின்கலங்கள் இப்போது அங்கே சோதனை எந்திரத்தில் சார்ஜ் ஏறி இறங்கிக்கொண்டிருக்கின்றன. முடிவு தெரியக் கோடை முழுவதும் ஆகும்.

"ரிசல்ட் வரட்டும், அதுக்கப்புறம் ராஜினாமா குடு, பாகல், பைத்தியமே" என்றார் வசந்தா மேடம்.

அவர் மேசைமேல் உள்ள தபால்களுக்கு அடியில் என் ராஜினாமாக் கடிதம் போன திங்கட்கிழமையிலிருந்து இருக்கிறது. ஓக்லாவில் என் அறைச் சாவியை வாங்கிவிட்டேன்.